யாழினிக்கு, படிப்பு விஷயமாக

திருமுடிவாக்கம்

அன்புள்ள யாழினி,

நேற்று ராத்திரி உங்கப்பன் போன் பண்ணினான். இதழியலும் தொடர்பியலும் சேர்ந்த படிப்பாம், நாலே வருஷத்தில் பி.ஏ.வும் எம்.ஏ.வும் கைக்கு வந்துவிடுமாம், வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். உங்கம்மா வளையலைப் பற்றியும் சொன்னான். அதை இங்கே எழுத வேண்டாம். நீ பத்திரிகைக்காரி ஆவதில் எனக்கு மறுப்பே கிடையாது.

நானும் விசாரித்தேன். அவன் சொன்னது துரிதப் பட்டம், 2024 கடைசியில் யு.ஜி.சி. கொண்டுவந்த ஏற்பாடு. நாலு வருஷ ஆனர்ஸ் படிப்பை ஆறேழு செமஸ்டரில் முடிக்கலாம். ஆனர்ஸ் முடித்தவர்களுக்கு எம்.ஏ. ஒரு வருஷம்தான். ஆறு செமஸ்டரில் முடித்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் சேருகிற அன்றைக்கே துரிதப் பட்டத்துக்கான இடம் உனக்கு என்று யாரும் சொல்ல முடியாது. முதல் செமஸ்டரோ இரண்டாவதோ முடிந்த பிறகு ஒரு குழு பார்த்துத் தீர்மானிக்கும். மொத்த இடத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கொடுக்கவும் கூடாது. முன்பணம் கேட்கிறவர்களிடம் இதை எழுத்தில் கேள். இன்னொன்று, வருஷம் குறைகிறதே தவிர பாடம் குறைவதில்லை. ஒவ்வொரு செமஸ்டரிலும் கூடுதல் கிரெடிட் ஏறும். ஒரு பத்திரிகை ஆபீஸில் போய் உட்கார்ந்து வேலை பழக உனக்கு நேரம் எங்கே இருக்கும்? கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக் மீடியாவுக்கு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. இருக்கிறது. அங்கேயே ஐந்து வருஷம்.

நான் இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் சென்னை வெள்ளம். 2015 டிசம்பர் 1 உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. கரன்ட் போய், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரில் ஓடிய டி.வி.யில் ஒரு பையன் மைக்கைப் பிடித்துக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்றான். தெருவே ஓடியது. ஆயா படியில் விழுந்தது அப்போதுதான். இடுப்பெலும்பு முறிந்து, அதற்கப்புறம் அவள் தானாக எழுந்து நடக்கவே இல்லை. ஏரி உடையவில்லை, யாழினி. மதகைத் திறந்திருந்தார்கள், நொடிக்கு 29,000 கனஅடி. ஒரு கனஅடி என்பது 28 லிட்டர் சொச்சம். நம் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு நொடியும் அறுபத்தெட்டு லாரி கவிழ்கிற மாதிரி. அந்த உபரிநீர்க் கால்வாய் நம் ஊர் பக்கமாகத்தான் அடையாற்றுக்குப் போகிறது. இந்த ஒரு கணக்கை சாயங்காலமே ஒருத்தர் புரியும்படி சொல்லியிருந்தால், சிட்கோ தொழிற்பேட்டையில் பாதிப் பட்டறைக்காரர்கள் மோட்டாரையாவது கழற்றி மேலே ஏற்றியிருப்பார்கள். ஆயாவை முன்கூட்டியே குன்றத்தூருக்குக் கூட்டிப் போயிருப்போம்.

மறைமலைநகர் அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியாமல், மறுநாள் இந்து பேப்பர் சென்னையில் வரவில்லை. 1878இல் ஆரம்பித்த பத்திரிகைக்கு அதுதான் முதல்முறை. உண்மை தேவைப்பட்ட ராத்திரியில் நமக்குக் கிடைத்தது அந்தப் பையனின் குரல் மட்டும்தான். அவன் தங்குதடையில்லாமல் பேசினான், கேமரா முன்னால் நிற்கத் தெரிந்திருந்தது. கரை எது, மதகு எது என்று மட்டும் தெரியவில்லை. 2018இல் அந்த வெள்ளம் மனிதர்கள் செய்த தவறால் வந்தது என்று தணிக்கைத் துறை அறிக்கை சட்டசபைக்கு வந்தது. அப்படி ஒரு அறிக்கையை வரிவரியாகப் படித்து ஜனங்களுக்குச் சொல்கிற ஆளாக நீ வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு முதலில் ஏதாவது ஒரு துறை உள்ளும் புறமும் தெரிந்திருக்க வேண்டும்.

முடிவு உன்னுடையது. நான் சொல்வதையும் ஒரு பக்கம் எழுதிப் பார். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் மூணு வருஷம் பொருளாதாரமோ வரலாறோ படி. படிக்கும்போதே விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு எழுதிப் போடு. அப்புறம் ஒரு வருஷம் இதழியல் பட்டயம். எந்தப் பட்டம் படித்தவர்களும் சேரலாம். தரமணியில் ஏ.சி.ஜே. இருக்கிறது, செலவு அதிகம். கோட்டூர்புரத்தில் 2025இல் அரசாங்கம் தொடங்கிய சென்னை இதழியல் கல்வி நிறுவனம் இருக்கிறது, அங்கே தமிழிலும் படிக்கலாம். இதுவும் நாலு வருஷம்தான், அதில் ஒரு பாடமும் உன் கையில் இருக்கும். பட்டயம் முதுகலைப் பட்டம் ஆகாது என்பது உண்மை. கல்லூரியில் பாடம் நடத்தும் எண்ணம் உனக்கு இருந்தால் எம்.ஏ. வேண்டும். அப்படி ஒரு எண்ணத்தை நீ சொல்லி நான் கேட்டதில்லை. மாடி ரூமைப் பெரியம்மா வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டாள். ஓசூரிலிருந்து வந்து இங்கேயே இருந்து படிக்கலாம்.

ரொம்பப் பேசிவிட்டேன். பத்தாம் வகுப்பில் நீ கால்வாய்க் குப்பையைப் பற்றி எழுதிப் பஞ்சாயத்தில் கொடுத்த மனுவின் ஜெராக்ஸ் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பட்டறைக்கு வருகிறவர்களிடம் எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன். நீ எதில் சேர்ந்தாலும், அந்த நாலு வருஷப் படிப்பே ஆனாலும், முதல் வருஷ ஃபீஸ் என்னுடையது. உங்கம்மா வளையல் அவள் கையிலேயே இருக்கட்டும். லேப்டாப் எது வேண்டும் என்று நாளைக்கே எழுதி அனுப்பு, விலையைப் பார்க்காதே.

அன்புடன்,
பெரியப்பா