குழந்தையின் செவியைக் காக்கும் 21 நாட்கள்

குழந்தைக்குக் காது கேளாது போனால் விதியையும் தாயையும் குறை கூறுவது நம்மிடையே வழக்கமாக இருந்து வருகிறது. பரம்பரையால் வரும் கேள்விக் குறைவும் உண்டு. பரம்பரையின்றி வருவதற்குரிய காரணங்களில் முதன்மையானது சைட்டோமெகலோ வைரஸ் என்னும் கிருமி. அங்கத்தினர்கள் அதனை அறிந்திருத்தல் நலம்.

பரவும் விதம்

உமிழ்நீர், சிறுநீர் முதலியவற்றால் இக்கிருமி பரவுகிறது. நல்ல உடல்நிலையுள்ள பெரியவர்களுக்கு இதனால் பெரும்பாலும் துன்பமில்லை. ஆயினும் கர்ப்பிணியிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே கருவை அடையக்கூடும். நம் நாட்டுப் பெண்களில் மிகப் பலர் இளமையிலேயே இத்தொற்றைப் பெற்றவர்கள். அவ்வாறு பெற்றவரிடத்தும் உறங்கிய கிருமி மீண்டும் எழலாம். வேறு வகைக் கிருமி புதிதாகத் தொற்றவும் செய்யலாம்.

தடுக்கும் வழி

இதற்குத் தடுப்பூசி இன்னும் பயனுக்கு வரவில்லை. தூய்மையே காப்பு. தொற்றுள்ள சிறு குழந்தையின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் கிருமி மாதக்கணக்கில் வெளிப்படும். ஆதலால் கர்ப்பிணிகள்,

1. மூத்த குழந்தையின் சிறுநீர்த் துணியை மாற்றிய பின்னும், மூக்கும் வாயும் துடைத்த பின்னும் சோப்பிட்டுக் கைகழுவுக.

2. குழந்தை உண்டு மீந்த சோற்றை உண்ணாதிருக்க. தம்ளரும் கரண்டியும் தனியே வைத்துக்கொள்க.

3. உதட்டில் முத்தமிடாது உச்சியில் முத்தமிடுக.

குழந்தையை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

கண்டறிதல்

எடைக் குறைவு, சிறிய தலை, மஞ்சள் காமாலை, தோலில் சிவந்த சிறு புள்ளிகள், ஈரல் வீக்கம் ஆகியவை அறிகுறிகள். ஆனால் தொற்றுடன் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பிறக்கும்போது எக்குறியும் காட்டுவதில்லை. ஆகவே பிறந்தவுடன் செய்யும் செவிப் பரிசோதனையில் குழந்தை தேறாவிடில், "காதில் நீர் இருக்கும், பிறகு பார்ப்போம்" என்று நாட்களைக் கழித்தல் தவறு. சிறுநீரிலோ உமிழ்நீரிலோ பி.சி.ஆர். சோதனை செய்யலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். அதனை 21 நாட்களுக்குள் செய்தல் அவசியம். அதன் பின் கிருமி காணப்பட்டாலும், அது கருவில் வந்ததா, பிறந்தபின் வந்ததா என்று பிரித்தறிதல் அரிது. உமிழ்நீரில் காணப்பட்டால் சிறுநீரிலும் பார்த்து உறுதி செய்வர்.

சிகிச்சை

நோய்க்குறி மிகுந்த குழந்தைகளுக்கு வால்கான்சைக்ளோவிர் என்னும் மருந்தை, இயன்றவரை முதல் மாதத்திலேயே தொடங்கி, 6 மாதங்கள் வாய்வழி அளிப்பர். மருந்து வெள்ளை அணுக்களைக் குறைக்கலாம். ஆதலால் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடலாகாது. குறியற்ற குழந்தைகள் எல்லோருக்கும் இம்மருந்து தேவைப்படுவதில்லை. எனினும் கேள்விக் குறைவு சில ஆண்டுகள் கழித்தும் தோன்றக்கூடும். ஆகையால் தொற்றுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் செவிப் பரிசோதனையை உரிய கால இடைவெளிகளில் செய்துவர வேண்டும். குறை கண்டால் காது கேட்கும் கருவியும் பேச்சுப் பயிற்சியும் விரைவில் வேண்டும். நிறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

இக்கிருமி வருவது எந்தத் தாயின் குற்றமும் அன்று. பழிகூறிக் கழியும் நாட்களில்தான் அந்த 21 நாட்களும் கரைகின்றன. இச்செய்தியைக் கர்ப்பிணியுள்ள ஒவ்வோர் இல்லத்துக்கும் எடுத்துச் செல்லுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.