பழம்பொறியின் மறுபிறப்பு

பழம்பொருளைப் போற்றுவோர் இரு திறத்தினர். ஒரு சாரார் அதன் புறவடிவைக் கண்டு மகிழ்வர். மற்றொரு சாரார் அஃது இயங்கும் முறையை அறிந்து மகிழ்வர். பழைய சிறு கணிப்பொறிகளைப் புதிய உறுப்புகளால் மீண்டும் படைக்கும் ஆர்வலருள்ளும் இவ்விரு திறத்தினரையும் காணலாம்.

1984-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24-ஆம் நாள், அமெரிக்க நாட்டு ஆப்பிள் நிறுவனத்தார் மெக்கின்டாஷ் என்னும் கணிப்பொறியை வெளியிட்டனர். திரையும் பொறியும் ஒரே கூட்டினுள் அடங்கிய அப்பெட்டியின் எடை ஏறத்தாழ 7.5 கிலோகிராம்; விலை 2,495 டாலர். அதன் நினைவகம் 128 கிலோபைட்டே. 9 அங்குலத் திரையில் குறுக்கே 512, நெடுக்கே 342 எனப் புள்ளிகள் அமைந்திருந்தன. ஒவ்வொரு புள்ளியும் கருமையா, வெண்மையா என்பதை மட்டும் குறித்தால் போதும். ஆதலின் எட்டுப் புள்ளிகளுக்கு ஒரு பைட்டாக, முழுத் திரைக்கும் 21,888 பைட்டுகளே செலவாயின. சிறு நிலமுடைய உழவன் வரப்போரத்தையும் வீணாக்காது பயிரிடுதல் போல, அதனை ஆக்கியோர் அச்சிறு நினைவகத்தைச் செட்டாகக் கையாண்டனர்.

இத்தகைய பொறிகளையும் காலம் விட்டுவைக்கவில்லை. இவ்வரிசையில் பின்னர் வந்த பொறிகள் சிலவற்றில், மின்தேக்கிகளினின்றும் மின்கலத்தினின்றும் கசிந்த நீர்மம் மின்சுற்றுப் பலகைகளை அரித்துப் பாழாக்கியது. காந்த வட்டுகளில் பதிந்தவையும் நாளடைவில் மங்குகின்றன. சுவடி செல்லரிக்குமுன் படியெடுத்தல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது இப்பொறிகளின் இயக்கத்தைப் புதிய உறுப்புகளில் நிலைநிறுத்துதல்.

இதற்குத் துணைபுரிவன, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தோன்றிய ராஸ்பெர்ரி பை போன்ற சிறு பலகைகள். அவற்றுள் 2021-இல் வெளிவந்த பைக்கோ என்பது 5 சென்டிமீட்டர் அளவு நீளமே உடையது; வெளிவந்தபோது அதன் விலை 4 டாலர். ஆயினும் அதன் நினைவகம் 264 கிலோபைட்டு; பழம்பொறியின் நினைவகத்தினும் இருமடங்கிற்கு மேற்பட்டது! 2024-இல் ஆர்வலர் ஒருவர் இதன் சில்லினைக் கொண்டே பழைய மெக்கின்டாஷை இயக்கிக் காட்டினார். எவ்வாறு? பழம்பொறியின் நுண்செயலிக்கென எழுதப்பெற்ற கட்டளைகளைப் புதிய சில்லு ஒவ்வொன்றாகப் படித்து, அவற்றிற்குரிய விளைவைத் தானே உண்டாக்குகின்றது. மொழிபெயர்ப்பாளன் இருமொழியும் அறிந்திருத்தல் வேண்டுவது போல, இந்நிரலை எழுதுவோனும் பழம்பொறியின் நுட்பங்களை ஐயமறக் கற்றல் வேண்டும். ஒரு கட்டளையின் பொருளைப் பிறழ உணரினும் பொறி இயங்காது நின்றுவிடக்கூடும்.

வேறு சிலர் பழம்பெட்டியின் உள்ளுறுப்புகளைக் களைந்து, அக்கூட்டினுள் புதிய பலகையைப் பொருத்துகின்றனர். அதனை மீன்தொட்டியாக்கியோரும் உளர். செப்பனிட இயலாத பெட்டிக்கு இது மறுவாழ்வு ஆகலாம். நன்கு இயங்கும் பொறிக்கோ அழிவேயாகும். முப்பரிமாண அச்சுப்பொறியால் வேண்டிய அளவில் கூடு செய்துகொள்ளக்கூடிய இக்காலத்தில், மூலத்தை அழித்துப் படிசெய்தல் அறிவுடைமை ஆகுமோ?

முதல் மெக்கின்டாஷின் கூட்டில், பின்சுவரின் உட்புறத்தே, அதனை உருவாக்கியோரின் கையொப்பங்கள் பொறிக்கப்பெற்றிருந்தன. புறத்தை மட்டும் நோக்குவோர் அவற்றைக் காணார். திறந்து கற்போரே காண்பர். பழம்பொறியை மீண்டும் படைத்தலின் பயனும் அதுவே. கூட்டைப் பெறுதல் எளிது; அக்கூட்டினுள் உழைத்தோரின் அறிவைப் பெறுதலே அரிது.