லாக் ரிங்கும் இரும்புக் கூண்டும்

கேள்வி: என் தம்பி துறைமுகச் சாலையில் ஒரு லாரி டயர்க் கடையில் தொழில் பழகுகிறான். காற்றடிக்கும்போது சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைக்க வேண்டும் என்கிறார்களே, அது அவசியந்தானா?
— ஒரு வாசகர், மில்லர்புரம்

பதில்: அவசியந்தான். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடிக்குச் சரக்கேற்றி வரும் லாரிகளில், பழைய மாதிரிச் சக்கரத்தையுடையவற்றின் டயரை ரிம்மில் நிறுத்தி வைப்பது விளிம்புக் காடியில் பதிந்திருக்கும் லாக் ரிங்கே ஆகையால், சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு வீதம் காற்று ஏறுங்கால் பல டன் விசை அதன்மீது சாய்கிறது. வளையம் சரிவரப் பதியாதிருந்தால், கண்ணிமைப்பதற்குள் பீரங்கிக் குண்டெனப் பாய்ந்து, எதிரே குனிந்திருப்பவனின் சிரசையே சேதித்துவிடும். அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டிலேயே இக்கூண்டைச் சட்டம் கட்டாயமாக்கிவிட்டது.

போதாக்குறைக்கு, உப்பளங்களைத் தழுவி வரும் நம் ஊர்க் காற்று இரும்பை அரிப்பதில் மகா சமர்த்து. காடியிலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டிப் பார்த்து, விரிசலோ வளைவோ கண்ட வளையத்தைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவதே உத்தமம். வேறொரு ரிம்மின் வளையத்தை, "பொருந்துகிறதே" என்று மாட்டும் சிக்கனம் எனக்குச் சற்றும் சம்மதமில்லை.

பாதிக் காற்று ஏறியபின் சுத்தியலால் தட்டி வளையத்தைச் சீராக்கும் வழக்கம் சில கடைகளில் உண்டு. தம்பி அதைமட்டும் பழகவே கூடாது. வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும். வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றும்போதும், நட்டைத் தொடுமுன் இதுவே முறை. வால்வைத் தானே கவ்விக்கொள்ளும் முனையும் நீண்ட ரப்பர்க் குழாயும் இருந்தால், அவன் கூண்டுக்கு எட்டவே, வளையத்துக்கு நேரெதிரே இராமல் ஒருபுறமாக ஒதுங்கி நின்று காற்றடிக்கலாம்.