ஜேர்மன் இலக்கியக் கருத்தரங்குக்கு யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுவோருக்கு

சமகால ஜேர்மன் இலக்கியப் பண்பாட்டை வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு அறிமுகப்படுத்தும் குறுங்காலக் கருத்தரங்குகள் ஜேர்மனியில் நடக்கின்றன. பகலில் விரிவுரை, மாலையில் எழுத்தாளர் வாசிப்பு, இடையிடையே ஆவணக் காப்பகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் பயணம் என்பது இவற்றின் வழக்கமான அமைப்பு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இளம் விரிவுரையாளரோ, முதுகலை முடித்த ஆய்வாளரோ இப்படியொன்றுக்கு விண்ணப்பிக்க எண்ணினால் எதை எந்த ஒழுங்கில் செய்வது என்பதே இக்கட்டுரை. அங்கே கிடைக்கும் பயன் இங்கே, புறப்படுவதற்கு முன்பே, பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. யாழ்ப்பாணத்து இலக்கியத்திலிருந்து எழுந்த ஒரு கேள்வியோடு போகிறவர் கருத்தரங்கில் பங்காளியாக உட்காருவார். கேள்வியில்லாமல் போகிறவர் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்புவார்.

ஆகவே முதல் வேலை விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதல்ல, கேள்வியைத் தேடுவது. அதற்குத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, எல்லை கடந்து மேற்கு பெர்லினுக்குள் போய்த் தஞ்சம் கேட்ட தமிழ் இளைஞர்களின் வரலாறு, பிளவுண்ட ஜேர்மனியின் வரலாறும்தான். அவர்கள் 1988இல் ஹேர்ன நகரில் கூடித் தொடங்கியது இலக்கியச் சந்திப்பு. அது ஐரோப்பிய நகரங்கள் பலவற்றைச் சுற்றி, 41ஆவது சந்திப்பாக 2013 ஜூலையில் யாழ்ப்பாணத்திலேயே நடந்தது. 'தூண்டில்' போன்ற சிற்றிதழ்கள் ஜேர்மனியிலிருந்து வெளிவந்தன. பொ. கருணாகரமூர்த்தி பெர்லினில் இருந்துகொண்டு தமிழில் கதைகள் எழுதினார். அடுத்த தலைமுறை ஜேர்மன் மொழியிலேயே எழுதத் தொடங்கியது. 1984இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறு குழந்தையாக ஜேர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்ட செந்தூரன் வரதராஜா, 2014இல் கிளாகன்ஃபுர்ட் நகரில் நடந்த இங்கபோர்க் பாஹ்மன் இலக்கியப் போட்டியில் வாசித்து 3சாட் பரிசைப் பெற்றார். அவரது முதல் நாவலான 'ஃபோர் டெர் ட்ஸூநாமே டெர் ட்ஸைஷன்' 2016இல் ஃபிஷர் பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பத்து இளைஞனுக்கும் கொசோவோவிலிருந்து வந்த பெண்ணுக்கும் முகநூலில் நிகழும் நீண்ட உரையாடலே அந்நாவல். சமகால ஜேர்மன் இலக்கியத்துக்குள் யாழ்ப்பாணம் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இது புலம்பெயர்ந்தோர் கதை, கருத்தரங்கின் மையப்பொருள் வேறு, ஊர்ப்பற்றைத் தூக்கிக்கொண்டு போனால் பார்வை குறுகிவிடும் என்று சொல்வோர் உண்டு. கேட்கவேண்டிய மறுப்புத்தான். ஆனால் ஜேர்மனியரே அந்த மையத்தை மாற்றிவிட்டார்கள். ஜேர்மன் தாய்மொழியல்லாத எழுத்தாளர்களுக்கென்று 1985 முதல் வழங்கப்பட்ட ஷமிசோ பரிசு 2017உடன் நிறுத்தப்பட்டது. அதன் நோக்கம் நிறைவேறிவிட்டது என்பதே வழங்கியவர்கள் சொன்ன காரணம். துருக்கியில் பிறந்த எமினே செவ்கி ஓஸ்டமார் 2022இல் கெயோர்க் பியூஷ்னர் பரிசைப் பெற்றார். பொஸ்னியாவிலிருந்து அகதியாக வந்த சாஷா ஸ்டானிஷிச் 2019இல் ஜேர்மன் நூற்பரிசை வென்றார். இடப்பெயர்வை எழுதுவது இன்று அங்கே ஓரத்து வேலையல்ல. அதை உள்ளிருந்து வாசிக்கக்கூடிய ஆய்வாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வருவது கருத்தரங்குக்கே பெறுமதி சேர்க்கும்.

அடுத்தது மொழி. பல கருத்தரங்குகள் ஆங்கிலத்தில் நடப்பதால் ஜேர்மன் தேவையில்லை என்று எண்ணுவது எளிது. விரிவுரைக்கு அது சரி. ஆனால் மாலை வாசிப்புகள், நாளிதழ்களின் நூல் மதிப்புரைகள், நூலகப் பட்டியல்கள் எல்லாம் ஜேர்மனிலேயே இருக்கும். ஓராண்டு முன்கூட்டியே தொடங்குங்கள். கொழும்பு கேத்தே நிறுவனம் வகுப்பும் தேர்வும் நடத்துகிறது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இணையவழியிலும் படிக்கலாம். பேச்சுத்திறனை விட வாசிப்புத்திறனுக்கு நேரம் கொடுங்கள். ஒரு நாவலின் ஐந்து பக்கத்தை அகராதியோடு முழுமையாக வாசித்து முடித்தவர், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு முழுவதையும் வாசித்தவர் காணாததைக் காண்பார். நாடகாசிரியர் பிரெக்ட் நமக்குத் தெரியும் என்ற துணிவும் ஓரளவுக்கே உதவும். பாலேந்திராவின் அவைக்காற்று கலைக் கழகம் பிரெக்டின் நாடகத்தை 'யுகதர்மம்' என்று மேடையேற்றியது நம் நாடக வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம். ஆனால் கருத்தரங்கு பேசப்போவது 1990இல் இரு ஜேர்மனிகளும் இணைந்த பிறகு எழுதியவர்களைப் பற்றி.

விண்ணப்பத்தின் நோக்கக் கடிதத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஜேர்மன் பண்பாட்டின்மீது சிறுவயது முதல் எனக்கு ஆர்வம் என்று தொடங்கும் கடிதத்தை எந்தத் தெரிவுக்குழுவும் நிறையப் பார்த்திருக்கும். முதல் பத்தியில் கேள்வியை வையுங்கள். எடுத்துக்காட்டாக: 1988க்குப் பிறகு ஜேர்மனியில் அச்சான தமிழ்ச் சிற்றிதழ்கள் ஜேர்மன் இலக்கிய வரலாற்றில் ஏன் இடம்பெறவில்லை? இரண்டாவது பத்தியில் அதற்காக இங்கே ஏற்கெனவே என்ன வாசித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மூன்றாவதில், அங்கே எந்த நிறுவனத்தில் எதைப் பார்க்கவேண்டும் என்பதைப் பெயர் குறித்து எழுதுங்கள். திரும்பிவந்து எந்தப் பாடத்தில் கற்பிப்பீர்கள் என்பதோடு முடித்துவிடுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம்.

விசா வேலை சலிப்பானது, ஆனால் சிக்கலானதல்ல. 90 நாளுக்கு உட்பட்ட பயணத்துக்கு ஷெங்கன் விசா போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள், அதுவரை காத்திருக்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோவை ஈடுசெய்யும் மருத்துவக் காப்புறுதி, அழைப்புக் கடிதம், பல்கலைக்கழகத்தின் விடுமுறை அனுமதி, திரும்பிவருவதற்கான சான்றுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். கொழும்புப் பயணம் ஒன்றோடு முடியும்படி எல்லாவற்றையும் யாழ்ப்பாணத்திலேயே சரிபார்த்துவிடுங்கள்.

அங்கே போனபின் கவனிக்கவேண்டியது நூல்களை மட்டுமல்ல, நூல்களைத் தாங்கி நிற்கும் ஏற்பாடுகளையும்தான். பெர்லின், ஹாம்பேர்க் போன்ற நகரங்களின் இலக்கிய இல்லங்களில் ஒரு மாலை வாசிப்புக்குச் சென்று உட்காருங்கள். மேசை, விளக்கு, ஒரு குவளை தண்ணீர், எழுத்தாளர். பக்கத்தில் ஒரு நெறியாளர். எழுத்தாளர் தன் நூலிலிருந்து நீண்ட நேரம் வாசிப்பார். பின் உரையாடல், கேள்விகள், கையொப்பம். கேட்பவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கியிருப்பார்கள். எழுத்தாளருக்கு ஊதியம் உண்டு. இப்போது யாழ்ப்பாணத்து நூல் வெளியீட்டை நினைத்துப் பாருங்கள். மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, தலைமையுரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை, முதற்பிரதி, ஆய்வுரை, எல்லாம் முடிந்து மக்கள் எழும்பத் தொடங்கும் நேரத்தில் எழுத்தாளரின் ஏற்புரை. நூலிலிருந்து ஒரு பக்கமும் வாசிக்கப்படாமலே நிகழ்வு முடிவது வழக்கம். நம் முறையில் ஊரே கூடி எழுத்தாளரை ஏற்கிறது, அதைச் சிறுமைப்படுத்தக்கூடாது. ஆனால் எழுத்து காதில் விழுவதில்லை. இந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்டு குறித்துவருவது, பத்து விரிவுரையின் குறிப்பைவிடப் பயனுள்ளது.

பணக்கார நாட்டின் ஏற்பாடுகளை நாம் பார்த்து என்ன செய்வது என்று இங்கே ஒருவர் கேட்கலாம். எல்லாம் பணத்தால் நடப்பதில்லை. ஜேர்மனியில் ஒரு புதிய நூலின் விலையைப் பதிப்பகம் நிர்ணயிக்கிறது. சிறு கடையானாலும் பெரிய இணைய நிறுவனமானாலும் அதே விலைக்கே விற்கவேண்டும். 2002இன் சட்டம் இதை உறுதிசெய்தது. அரசுக்கு இதில் செலவேதும் இல்லை; ஊர்ப் புத்தகக் கடை பிழைக்கிறது. சுயதொழில் எழுத்தாளர்களுக்கான சமூகக் காப்புறுதி 1983 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் பாதியை எழுத்தாளர் கட்ட, மீதியை அரசும், எழுத்தைப் பயன்படுத்தும் பதிப்பகம் முதலிய நிறுவனங்களும் பகிர்கின்றன. இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் அச்சுக்கூலியைத் தானே கொடுத்து, பிரதிகளைத் தானே சுமந்து விற்கும் எழுத்தாளர்களைக் கொண்ட ஒரு சமூகம், வேறு வழிகள் இருப்பதையாவது அறிந்திருக்கவேண்டும். இலக்கியச் சந்திப்பே எந்த அரசின் காசும் இல்லாமல், பங்கேற்பாளர்களின் கைக்காசில்தான் கால் நூற்றாண்டைக் கடந்தது.

கருத்தரங்கில் ஓய்வுநாள் கிடைத்தால் இரண்டு இடங்களுக்குப் போங்கள். ஒன்று, நெக்கார் நதிக்கரை ஊரான மார்பாஹில் உள்ள ஜேர்மன் இலக்கியக் காப்பகம். ஃபிரான்ஸ் காஃப்காவின் 'விசாரணை' கையெழுத்துப் பிரதி 1988இல் லண்டன் ஏலத்தில் வாங்கப்பட்டு அங்கே வந்து சேர்ந்தது. ஹேர்ன நகரில் நம்மவர்கள் கூடிய அதே ஆண்டு. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த நூலகத்தைக் கொண்ட ஊரிலிருந்து போகிறவருக்கு, ஒரு தாளைக் காப்பாற்ற ஒரு நாடு எடுக்கும் முயற்சியைக் கிட்டநின்று பார்ப்பது அவசியம். மற்றது, லைப்ஸிக்கிலோ ஃபிராங்ஃபுர்ட்டிலோ உள்ள ஜேர்மன் தேசிய நூலகம். ஜேர்மனியில் வெளியானது எந்த மொழியில் இருந்தாலும் சேகரிக்கவேண்டியது அதன் கடமை. எந்தெந்தத் தமிழ் இதழ்கள் அங்கே இருக்கின்றன, எவை இல்லை என்று பட்டியலைத் தேடிப் பாருங்கள். அந்த ஒருநாள் வேலை ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு அடித்தளமாகும்.

திரும்பியதும் அறிக்கை எழுதிக் கோப்பில் போட்டுவிடாதீர்கள். தேடிக் கண்ட பட்டியலை 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் 'நூலகம்' நிறுவனத்திடம் கொடுங்கள். ஜேர்மனியில் வாழும் பழைய இதழாசிரியர்கள் பலருக்கு வயதேறிவிட்டது. அவர்களின் வீட்டு அலுமாரிகளில் கிடக்கும் பிரதிகளைக் கேட்டுப் பெறுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் கிடைக்கப்போவதில்லை. அடுத்த கருத்தரங்குக்கு விண்ணப்பிக்கிறவர் அந்த வேலையையும் தன் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.