மாத்திரைக்கு முன் மருத்துவர்

திருநங்கையாகவோ திருநம்பியாகவோ உடல்மாற்றச் சிகிச்சையை யோசிக்கும் தம்பி தங்கைகளே, யாரோ சொன்னார்கள் என்று மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அளவு தவறினால் காலிலும் நுரையீரலிலும் ரத்தத்தை உறையவைக்கலாம்; புகைபிடித்தால் ஆபத்து இன்னும் கூடும். ஏற்கெனவே எடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதைவைத்துத்தான் ரத்தப் பரிசோதனையை அவர் முடிவுசெய்வார். சென்னை ராஜீவ் காந்தி, மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைகளில் உடல்மாற்றச் சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவு உண்டு.

பின்னாளில் குழந்தை வேண்டுமா? ஹார்மோன் சிகிச்சை தொடங்குமுன்பே மருத்துவரிடம் பேசுங்கள். விந்தணுவையும் கருமுட்டையையும் உறைநிலையில் சேமிக்கலாம்.

'உன் பாலின உணர்வைக் குணப்படுத்துகிறேன்' என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அதற்குத் தடை விதித்திருக்கிறது.

வீட்டில் அடி, மிரட்டல் என்றால் 18 வயது நிரம்பாதவர்கள் 1098ஐ அழைக்கலாம்.