ஊசி சொல்வதும் சொல்லாததும்

மார்பில் கட்டி தென்பட்டால் டாக்டர் எழுதித் தரும் பரிசோதனைகளில் ஒன்று எஃப்.என்.ஏ.சி. மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். தையல் கிடையாது. ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்று தள்ளிப்போடும் சகோதரிகள் உண்டு. அந்தத் தாமதம்தான் ஆபத்து.

வழக்கமான புற்றுநோயை ஊசி பெரும்பாலும் காட்டிவிடும். சிக்கல் அரிய கட்டிகளில்தான். ஃபில்லோடஸ் கட்டியைப் பாருங்கள். 1838இல் ஜெர்மானிய அறிஞர் யோஹன்னஸ் முல்லர் வைத்த பெயர். வெட்டினால் இலை இலையாகத் தெரியும். இலைக்கான கிரேக்கச் சொல்லே பெயராயிற்று. இளம்பெண்களுக்கு வரும் தீங்கற்ற ஃபைப்ரோஅடினோமா போலவே இதுவும் கைக்கு உருண்டு நகரும். ஊசியில் வரும் செல்களும் ஏறக்குறைய ஒன்றுபோலிருக்கும். நார்த்திசுத் துண்டுகளில் செல்கள் நெருக்கமாக இருந்தால் சந்தேகம் வரும். ஆனால் அந்த இடத்தில் ஊசி புகுந்திருக்க வேண்டுமே!

ஆகவே ரிப்போர்ட்டில் 'ஃபைப்ரோஅடினோமா' என்றிருந்தும் கட்டி வேகமாகப் பெருத்தால், குறிப்பாக 40ஐ நெருங்கியவர்கள், சும்மா இருக்கக் கூடாது. தடித்த ஊசியால் சதைத் துண்டு எடுத்தோ, கட்டியையே அகற்றியோ பார்க்க வேண்டும். ஃபில்லோடஸ் என்றால் சுற்றியுள்ள நல்ல சதையையும் சிறிது சேர்த்து எடுப்பார்கள். மிச்சம் இருந்தால் அதே இடத்தில் திரும்ப வரக்கூடும். மாற்றலாகி வேறு ஊர் போகிறவர்கள் ரிப்போர்ட்டோடு ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்குள்ள நிபுணர் மறுபடி பார்க்க அவைதான் உதவும்.