நட்சத்திரம் தொலையாமல் பதிவிட

தண்ணீர்த் தொட்டியின் அளவை ஒரு பதிவில் 6*4*5 அடி என்று எழுதினேன். திரையில் வந்தது 645 அடி. நடுவிலிருந்த 4 மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது. எழுத்துப்பிழை என்றால் படிப்பவரே திருத்திப் படித்துக்கொள்வார். குறி காணாமல் போனால் அங்கே ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியவில்லை.

இதற்குக் காரணம் மார்க்டவுன். ஜான் க்ரூபர் 2004-இல் வெளியிட்ட எழுத்துமுறை இது. சொல்லின் இருபுறமும் ஒரு நட்சத்திரம் போட்டால் சாய்வெழுத்து, இரண்டிரண்டாகப் போட்டால் தடித்த எழுத்து. கிட்ஹப், ரெடிட், டிஸ்கார்ட் எல்லாவற்றிலும் இதன் ஏதோ ஒரு வடிவம்தான் ஓடுகிறது.

செய்ய வேண்டியவை

• குறிக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போடுங்கள். 6\*4\*5 என்று அடித்தால் 6*4*5 என்றே தெரியும், பேக்ஸ்லாஷ் மறைந்துவிடும். எஸ்கேப் செய்வது என்பது இதுதான். பெருக்கலுக்கு × குறி கிடைத்தால் அதையே போடுங்கள், தொல்லையே இல்லை.

• வரியின் முதல் எழுத்தைப் பாருங்கள். “1967. அந்த வருடம்தான்...” என்று ஒரு பத்தியைத் தொடங்கினால், அது எண்ணிட்ட பட்டியல் ஆகிவிடும். க்ரூபரின் மூல மார்க்டவுனில் 1967 போய் வெறும் 1 நிற்கும். 1967\. என்று எழுதினால் ஆண்டு பிழைக்கும். வரித் தொடக்கத்தில் # வந்தால் அந்த வரியே பெரிய தலைப்பாகிவிடலாம். அதற்கும் இதே மருந்துதான்.

• நிரல் வரி, கோப்புப் பெயர், கட்டளை எல்லாவற்றையும் பேக்டிக் குறிகளுக்குள் வையுங்கள். கீபோர்டில் 1-க்கு இடப்பக்கம் இருப்பது அது. பைத்தானில் இருபுறமும் இரட்டை அண்டர்ஸ்கோர் உள்ள பெயர்கள் நிறைய. அப்படியே ஒட்டினால் அண்டர்ஸ்கோர்கள் மறைந்து பெயர் தடித்துவிடும். அதைப் படித்துக் கற்கும் பிள்ளை தப்பாகவே கற்றுக்கொள்ளும்.

• முன்னோட்டம் பாருங்கள். ஒவ்வொரு முறையும்.

செய்யக்கூடாதவை

• ஆங்கிலச் சொல்லைக் கோண அடைப்புக்குள் < > வெறுமனே விடாதீர்கள். எச்டிஎம்எல் டேக் என்று எண்ணிப் பல தளங்கள் அதை மறைத்துவிடும். <பெயர்> என்று தமிழில் எழுதினால் மறையாது. டேக்கின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. தமிழில் சரியாக வந்ததே என்ற நம்பிக்கையில் ஆங்கிலத்தையும் அப்படியே விட்டுவிட வேண்டாம். அங்கே < குறிக்குப் பதிலாக & குறி, எல், டி என்ற ஆங்கிலச் சிற்றெழுத்துகள், அரைப்புள்ளி ஆகியவற்றை இடைவெளியின்றி அடியுங்கள்.

• பேக்ஸ்லாஷை எல்லா இடத்திலும் போடாதீர்கள். வாட்ஸாப்பில் அது எதையும் தடுக்காது, தானும் சேர்ந்து தெரியும். பேக்டிக்குக்கு உள்ளேயும் அப்படித்தான்.

• கட்டளைகளில் நட்சத்திரத்துக்குப் பதிலாக அதே போலத் தெரியும் வேறு குறியைப் போடாதீர்கள். பார்வைக்கு ஒன்றுதான், நகலெடுத்து ஓட்டுபவருக்குப் பிழைச்செய்தி வரும்.

• மேற்கோள் குறியைத் தடித்த எழுத்துக்கான நட்சத்திரங்களுக்குள் அடைக்காதீர்கள். தமிழில் எழுதுபவருக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. **“மதுரை”**யில் என்று எழுதினால் சொல் தடிக்காது, நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும். முடிக்கும் நட்சத்திரங்களுக்கு முன்னால் மேற்கோள் குறியும் பின்னால் எழுத்தும் இருந்தால், இன்று பரவலாக உள்ள காமன்மார்க் என்ற மார்க்டவுன் வரையறையின் விதிப்படி அது முடிவாகாது. நமக்கோ வேற்றுமை உருபு ஒட்டாமல் ஒரு வாக்கியம் நகராது. மேற்கோளை வெளியே எடுத்து “**மதுரை**”யில் என்று எழுதுங்கள். மதுரை தடிக்கும், உருபும் ஒட்டியே இருக்கும்.